காதலில் உங்களையே தொலைத்துவிட்டீர்கள் என்று எப்போது உணர்ந்தீர்கள்? என் காதலன் என்னை அடக்கி ஆள்கிறான், ஆனால் அடிக்கவில்லையே, இதெல்லாம் ஒரு பிரச்சினையா?

பிரிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தோழி வீட்டில் இருந்தேன். "என்ன பாட்டுப் போடட்டும்?" என்று கேட்டாள். எதைச் சொன்னால் அவள் முகம் மாறாது என்று மனசு கணக்குப் போட்டதே தவிர, எனக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்பது ஞாபகத்துக்கு வரவே இல்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான்கு வருடக் காதல். அவன் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. அதனாலேயே அதைக் கொடுமை என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை. தோழிகளோடு வெளியே போய் வந்தால் இரண்டு நாள் பேச மாட்டான். என்ன தப்பு செய்தேன் என்றால், "உனக்கே தெரியணும்" என்பான். நானே யோசித்து, ஒரு தப்பைக் கண்டுபிடித்து, மன்னிப்பும் கேட்பேன். கடைசியில் வெளியே போவதையே நிறுத்திவிட்டேன். "நான் போகாதேன்னு சொன்னேனா?" என்று கேட்டான். சொல்லவில்லைதான். நான் இழந்த எதையும் அவன் கேட்டு வாங்கவில்லை. எல்லாம் நானாக விட்டவை.

நேற்றுச் சொன்னதை இன்று சொல்லவே இல்லை என்று சாதிப்பான். எனக்கு மறதி வந்துவிட்டதோ என்று பயந்துபோய், தேதி போட்டுப் போனில் எழுதி வைக்கத் தொடங்கினேன். ஒரு ராத்திரி முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நாற்பது சொச்சம் குறிப்புகள். யார் மேல் தப்பு என்றாலும், மன்னிப்புக் கேட்டது ஒவ்வொரு தடவையும் நான்தான்.

அப்படியானால் ஏன் விட்டு வரவில்லை என்பார்கள். நல்ல நாட்களும் இருந்தனவே! இரண்டு நாள் வாட்டிவிட்டு அவன் வந்து கையைப் பிடித்தால், உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். டட்டன், பெயின்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1981-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு மற்றவரைவிட அதிகாரம் கூடுதலாக இருக்கும் உறவில் கொடுமையும் கனிவும் மாறி மாறி வந்தால், பாதிக்கப்பட்டவரின் பிணைப்பு தளராமல் இன்னும் இறுகுகிறதாம். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அதுவரை என் புத்திதான் மட்டம் என்று நம்பியிருந்தேன்.

"அடிக்கவில்லையே, இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நெருங்கிய உறவில் ஒருவரை இப்படித் தொடர்ந்து அடக்கி ஆள்வது, பாதிப்பு கடுமையாக இருந்தால், குற்றம். ஒரு அடிகூட விழாமலே 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அதனால் பிரச்சினைதான். பெரிய பிரச்சினை.

நான் மீண்டு வந்தது மெதுவாக. மனநல ஆலோசகரிடம் எட்டு மாதம் போனேன். விட்டுப்போன தோழிகளில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள், ஒருத்தி வரவில்லை. உங்களை இன்றைக்கே பிரிந்து வா என்று சொல்ல மாட்டேன். நடந்த ஒரு சம்பவத்தை, அவனுக்காகப் பரிந்து பேசாமல், நடந்தது நடந்தபடி நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் இங்கே எனக்கு எழுதுங்கள், படிக்கிறேன்.