வாசகர் கேள்வி – பதில்: ஆய்வேடு எழுதத் தொடங்குபவர்களுக்கு

கேள்வி: முதுமாணிப் பட்டத்துக்கு 'திருகோணமலை மாவட்ட மீனவர்களின் வாழ்வாதாரம்' என்று தலைப்புக் கொடுத்தேன். மிகவும் விரிந்து கிடக்கிறது, சுருக்குங்கள் என்கிறார் மேற்பார்வையாளர். கையில் இருப்பது 10 மாதம். எப்படிச் சுருக்குவது?
– வாசகி, கிண்ணியா

பதில்: அவர் சொல்வது சரி. வாழ்வாதாரம் என்றால் வருமானம், கடன், படகு, பெண்களின் உழைப்பு எல்லாமே உள்ளே வந்துவிடும். புல்மோட்டையிலிருந்து வெருகல் வரையுள்ள கரையைத் தனியொருவர் 10 மாதத்தில் பார்த்து முடிக்க இயலாது. தலைப்பை விட்டுவிட்டு முதலில் ஒரு கேள்வியை எழுதுங்கள். உதாரணமாக: 'கிண்ணியாவில் வியாபாரியிடம் முற்பணம் வாங்கிய படகுக்காரருக்குக் கிலோவுக்குக் கிடைக்கும் விலை, வாங்காதவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவா, எவ்வளவு குறைவு?' இடம், ஆள், அளக்க வேண்டியது மூன்றும் இதில் இருக்கின்றன. கேள்வி தெளியாமல் வினாக்கொத்து தயாரிப்பதுதான் பலரையும் கவிழ்க்கிறது. நாற்பது வினா கேட்டு முடித்த பிறகு, வேண்டிய இரண்டு அதில் இல்லை என்று தெரியவரும்.

அடுத்து, பருவத்தைக் கவனியுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று. நம் கரையில் தொழில் மந்தம். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வார்கள். டிசம்பரில் கேட்ட வருமானத்தை 12 ஆல் பெருக்கி ஆண்டு வருமானம் என்று எழுதினால் முடிவே பிழைத்துவிடும். ஜூனில் எடுத்த மாதிரியில் வந்துபோகிறவர்களும் கலந்திருப்பார்கள். ஆகவே இரு பருவத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். எந்த மாதத்துத் தரவு என்பதை முறையியல் அத்தியாயத்தில் எழுதிவையுங்கள்.

எத்தனை பேரிடம் கேட்பது? சங்கப் பதிவேட்டில் 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். 5 வீதப் பிழைக்கு, மாதிரி அளவைக் கணிக்கும் யமானே சூத்திரப்படி 400 ÷ (1 + 400 × 0.05 × 0.05) = 200. பதிவேட்டிலிருந்து எழுமாற்றாக (குலுக்கல்போல) தெரிவு செய்தால் மட்டுமே இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. இறங்குதுறையில் அகப்பட்ட 200 பேர் அதற்கு ஈடாகமாட்டார்கள். பதிவேடு கிடைக்காவிட்டால் 20, 25 பேரிடம் ஆழமான நேர்காணல் செய்து, அதை அப்படியே சொல்வது நேர்மையானது. எதற்கும் முன்னதாக 10 பேரிடம் வினாக்கொத்தைச் சோதித்துப் பாருங்கள். முற்பணம் பற்றிய வினாவுக்கு வியாபாரி பக்கத்தில் நிற்கும்போது சரியான பதில் வராது என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும்.

முன்மொழிவுக்கும் நெறிமுறை அனுமதிக்கும் 2 மாதம், களத்துக்கு 2, பகுப்பாய்வுக்கு 2, எழுத்துக்கு 2 என்று வைத்தால் மிச்சம் 2 திருத்தத்துக்கு. அதில் கைவைக்காதீர்கள், ஓர் அத்தியாயத்தைப் படித்துத் தர மேற்பார்வையாளருக்கே 2, 3 வாரம் வேண்டும். முறையியலைக் களத்தில் இருக்கும்போதே எழுதுங்கள், ஞாபகம் சூடாக இருக்கும். அறிமுகத்தைக் கடைசியில் எழுதலாம்.

கேள்வி: இலக்கிய மீளாய்வு வெறும் பட்டியலாக இருக்கிறது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். என்ன செய்ய?
– வாசகர், மூதூர்

பதில்: 'இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்' என்று பந்திக்கு ஒருவராக எழுதியிருப்பீர்கள். எக்செலில் ஓர் அட்டவணை போடுங்கள். நிரைக்கு ஓர் ஆய்வு; நிரல்களில் ஆண்டு, கேள்வி, தரவு எடுத்த இடம், முறை, முடிவு, விடுபட்டது. பிறகு நிரல் வழியாக மேலிருந்து கீழே வாசியுங்கள். முடிவுகள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன, முரணுக்கு முறை காரணமா இடம் காரணமா என்பது தெரியும். அந்த ஒவ்வொன்றும் ஒரு பந்தி. 'விடுபட்டது' என்ற நிரலிலிருந்து உங்கள் ஆய்வின் தேவை கிடைக்கும்.

கேள்வி: பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யலாமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: வேண்டாம், முதல் வரியிலிருந்தே யூனிகோட். பாமினி எழுத்துகளைக் கணினி ஆங்கில எழுத்துகளாகவே வைத்திருக்கிறது. அதனால் பிடிஎஃப்பில் தமிழில் தேட முடியாது. ஒப்புமைச் சோதனை மென்பொருளுக்கும் அது தமிழாகத் தெரியாது. கடைசி வாரத்தில் மாற்றப் போனால், இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களும் சுருக்கங்களும் சிதைந்து தமிழ் எழுத்துக் குப்பையாகும். அவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் திருத்தவேண்டி வரும். தலைப்புகளுக்கு வேர்ட்டின் தலைப்புப் பாணியைப் பயன்படுத்தினால் பொருளடக்கம் தானாக உருவாகும். இடப்பக்க ஓரத்தைக் கட்டுவதற்கு ஏற்ப அகலமாக விடுங்கள்; எத்தனை அங்குலம் என்பது உங்கள் பீடத்தின் கையேட்டில் இருக்கும்.