மகள் வெளிமாநிலத்தில் படிக்க ஆசைப்படுகிறாள்

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறோம். மகள் பிளஸ் டூ. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருட எம்.ஏ. படிக்கவேண்டும் என்கிறாள். தமிழ்நாட்டுப் பிள்ளை என்று ஒதுக்கிவிடுவார்களா?

பதில்: ஒதுக்கமாட்டார்கள் அம்மா, பயப்படாதீர்கள். அது மத்தியப் பல்கலைக்கழகம், கியூட் என்கிற பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்தான் அங்கே பேசும், தெலங்கானா பிள்ளைக்கும் உங்கள் மகளுக்கும் கட்டணம் ஒன்றுதான். மாநில அரசுக் கல்லூரிகள் என்றால் கதை வேறு. மத்திய அரசின் பொறியியல் கல்லூரியான என்.ஐ.டி.யில்கூடப் பாதி இடம் அந்தந்த மாநிலத்துக்குப் போய்விடும்.

கியூட்டைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் எழுதி முடித்தால் இடம் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை, இடம் கொடுப்பது பல்கலைக்கழகம், அதன் இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்கவேண்டும்.

அப்புறம் சான்றிதழ். நம் தாலுகா ஆபீஸ் தருகிற பி.சி., எம்.பி.சி. சான்றிதழை வைத்து அங்கே இடஒதுக்கீடு கேட்க முடியாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கவேண்டும். இ-சேவை மையத்தில் இப்போதே விசாரியுங்கள்.

பெயரையும் பாருங்கள். என் அண்ணன் மகனுக்கு மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக; கடைசி நாள் மேலமாசி வீதி பிரவுசிங் சென்டரில் இரவு பத்து மணிவரை அவனோடு உட்கார்ந்திருந்தேன், அந்தத் தவிப்பு உங்களுக்கு வேண்டாம். ஆதாரை முதலில் திருத்திவிடுங்கள்.

திருவாரூரில் இருப்பதும் மத்தியப் பல்கலைக்கழகம்தான், அதே கியூட்தான். அதற்கும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.