கேபினட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பலாமா?

முதல் கேமிங் கம்ப்யூட்டரைக் குறைந்த செலவில் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்குச் சொல்லவில்லை.

கேள்வி: அண்ணா, கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனில் எட்டு கோர் பிராசஸர், கண்ணாடிக் கேபினட், ஆறு வண்ண விளக்கு விசிறிகள், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு இருக்கின்றன. வாங்கலாமா? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: மாப்பிள்ளைக்குக் கோட்டு தைத்துவிட்டுச் செருப்பு வாங்க மறந்த கதை, தம்பி. 1080பி (ஃபுல் எச்டி) மானிட்டரில் விளையாட்டின் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிராஃபிக்ஸ் கார்டுதான். மானிட்டர் நீங்கலான பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது அதற்குப் போகவேண்டும். பிராசஸருக்கு ரைசன் 5 5600 அல்லது கோர் ஐ5 12400எஃப் போதும். இரண்டிலும் ஆறு கோர் (கணக்குப் போடும் உள்மூளை), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை). அங்கே மிஞ்சுவதையும் விளக்குக் காசையும் சேர்த்து ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு முயலுங்கள்.

இன்னொன்று. 3050 என்ற பெயரிலேயே வேறுவேறு கார்டுகள் உண்டு. 8 ஜிபி கார்டில் நினைவகத்தை மட்டும் குறைத்து 6 ஜிபி ஆக்கவில்லை. கோர்களும் 2560-லிருந்து 2304 ஆகிவிட்டன. 70 வாட்டில் ஓடுவதால் பழைய அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அது பொருந்தும். உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: கேபினட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) இலவசமாகத் தருகிறார்கள். ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600 இரண்டுக்கும் அது போதாதா? (திருச்சி)

பதில்: நானும் ஒருமுறை அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் மாதம் ஒரு மாலை 'டப்' என்று சத்தம், பிறகு மீன் கருகியது போல நாற்றம். போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. அதன்பிறகுதான் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 450. கீழே 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட்! பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது அந்த 12 வோல்ட் வழியில்தான்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். கார்டு 132 வாட், பிராசஸர் முழு வேகத்தில் 76 வாட். இரண்டுமே 208 ஆகிவிட்டது. விசிறி, டிஸ்க்கெல்லாம் இன்னும் சேர்க்கவில்லை. நல்ல நிறுவனத்தின் 500 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக வாங்குங்கள். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவுகோல்தான், பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. அதனால் முத்திரையோடு உத்தரவாத ஆண்டுகளையும் பாருங்கள். ஐந்து ஆண்டு தருபவர் சும்மா தரமாட்டார்.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு ஐ5 12400, ஆர்எக்ஸ் 6600 போட்டு வாங்கினோம். விளையாட்டு திக்கித் திக்கி ஓடுகிறது. கார்டு பழுதா? (சேலம்)

பதில்: அம்மா, கேபினட்டின் பின்புறம் பாருங்கள். மானிட்டர் கேபிள் மேலே யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறதா, கீழே கிடைமட்டமாக உள்ள கார்டில் செருகியிருக்கிறதா?

கேள்வி: மேலேதான் இருந்தது. கீழே மாற்றியதும் சரியாகிவிட்டது!

பதில்: இதுவரை பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸில் ஓடியிருக்கிறது. 12400எஃப் வாங்கியிருந்தால் அதுவும் கிடையாது, திரையே வந்திருக்காது, அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: ராம் 16 ஜிபி ஒன்றா, 8 ஜிபி இரண்டா?

பதில்: இரண்டு. நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் 3200 வேகம் என்று வாங்கிய ராம் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஏஎம்4 (ரைசன் பிராசஸர் பொருந்தும் சாக்கெட் வகை) பழசாகிவிட்டது, 2022-இல் வந்த ஏஎம்5 வாங்கு என்கிறான் நண்பன்.

பதில்: இரண்டு மூன்று ஆண்டில் பிராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் நண்பன் சொல்வது சரி. ஆனால் ஏஎம்5-இல் டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும், போர்டும் விலை கூடுதல். கை இறுக்கமாக இருந்தால் ஏஎம்4 எடுத்து, மிச்சத்தைக் கார்டில் போடுவேன். பழைய இருப்பான பி450 போர்டாக இருந்தால், 5600-ஐ ஏற்கும் பயாஸ் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? (சென்னை)

பதில்: 2017-இல் வந்த கார்டு, மிக மலிவென்றால் மட்டும். பெயருக்குப் பின்னால் '2048எஸ்பி' என்று இருந்தால், உள்ளே இருக்கும் கோர்களின் எண்ணிக்கை அதற்குக் கீழான ஆர்எக்ஸ் 570-உடையது. அந்த விலைதான் கொடுக்கவேண்டும். விற்பவர் வீட்டிலேயே அரைமணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். "இப்போது மின்சாரம் இல்லை" என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் எல்லாவற்றையும் வாங்கி நானே பொருத்தப் போகிறேன். எதைக் கவனிக்கவேண்டும்?

பதில்: ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும். தனியாகக் கூலர் வாங்கினால், அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுப் பொருத்துங்கள். சிரிக்காதீர்கள், வாரம் ஒருவராவது அதை உரிக்காமல் பொருத்திவிட்டு "பிராசஸர் 95 டிகிரி காட்டுகிறது" என்று எனக்கு எழுதுகிறார்.