எலிக்குக் கடிக்க விளிம்பு வேண்டும்

அன்புள்ள ஐயா,

சமையலறைத் தொட்டிக்கு அடியில், குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் எலி வழி போட்டுவிட்டது. ஃபோம் ஸ்ப்ரே அடித்தேன், இரண்டே நாளில் துளைத்தது. பிறகு ஒரு மாலை சிமென்ட் பூசினேன், விடிவதற்குள் சுரண்டியிருந்தது. "பல் வளர்வதால் கடிக்கிறது, ஒரு கட்டையைப் போட்டுவையுங்கள், மற்றதை விட்டுவிடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரிதானா? முயல், மூஞ்சூறு எல்லாம் எலி இனம்தானே?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

கட்டை உதவாது. எலியின் முன்பற்கள், மேலே இரண்டும் கீழே இரண்டும், வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளர்வது உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று உரசியே தேய்ந்துவிடும். மேலும் கீழும் பொருந்தாமல் போனால்தான் சுருண்டு வளர்ந்து அண்ணத்தைக் குத்தும். உங்கள் வீட்டு எலி சுவரைக் குடைவது பல்லைத் தேய்க்க அல்ல, உள்ளே வர.

அந்தப் பல்லின் முன்பக்கம் மட்டுமே எனாமல் என்ற கெட்டிப் பூச்சு. இரும்புச் சத்து சேர்ந்திருப்பதால் ஆரஞ்சு நிறமாக இருக்கும். பின்பக்கம் அதைவிட மென்மையான டென்டின் என்ற பல் திசு, சீக்கிரம் தேயும். ஆகவே தேயத் தேய உளி முனை போலக் கூர்மை ஏறுகிறது. கோரைப்பல் கிடையாது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் உதட்டை மடித்து வாயை அடைத்துக்கொள்ளும். செதுக்கிய தூள் தொண்டைக்குப் போகாது. ஓட்டைக்குக் கீழே தூள் குவிந்து கிடப்பது அதனால்தான். கொறிப்பது வேறு, தின்பது வேறு.

மேல்பல்லை ஊன்றிக் கீழ்ப்பல்லால் செதுக்குவதால் பல் பிடிக்க ஒரு விளிம்பு வேண்டும். வழவழப்பான கெட்டிச் சமதளத்தில் எலி திணறும். மின் ஒயரோ வாய்க்கு அடங்கும் உருளை, அதை இரும்புக் குழாய்க்குள் விடுவதுதான் காவல். ஃபோமில் எங்கே கடித்தாலும் பல் இறங்கும். உங்கள் சிமென்ட் தோற்றது ஈரத்தால்: மாலையில் பூசினீர்கள், எலி இரவில் வந்தது.

முதலில் ஓட்டையில் செய்தித்தாளைத் தளர்வாகச் செருகி இரண்டு இரவு பாருங்கள். கலைந்தால் போக்குவரத்து இருக்கிறது, பொறி வைத்துப் பிடியுங்கள். பிடிக்காமல் ஓட்டையை அடைத்தால் எலி உள்ளே அடைபட்டு வேறு வழி குடையும், அல்லது செத்து நாறும். தாள் கலையாத நாளில் காலையிலேயே வேலையைத் தொடங்குங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிநாரை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறுக்கித் திணியுங்கள். சாதாரண இரும்பு நார் அந்த ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அதன்மேல் ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல். கலவை காயும் முன் குழாயைச் சுற்றி ஒரு தகரத் தட்டைச் சுவரோடு ஒட்ட வைத்துத் திருகிவிடுங்கள், ஓரம் தூக்கி நிற்கக் கூடாது. கதவடி இடுக்கையும் பாருங்கள்: சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் போதும்.

முயல் எலி இனம் இல்லை. அதன் மேல் முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சிறிய ஜோடி உண்டு. 1912இலேயே விலங்கியலில் அதைத் தனி வரிசையாக, அதாவது தனிப் பெரும் பிரிவாக, பிரித்துவிட்டார்கள். அணிலும் முள்ளம்பன்றியும்தான் எலிக்குச் சொந்தம்.

மூஞ்சூறும் எலி இனம் இல்லை, அது கொறிப்பதில்லை. ஊசிப் பற்களால் கரப்பானையும் பூச்சியையும் தின்னும், நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் லாபம்தான். பொறியில் அது சிக்கினால் காலையிலேயே வெளியே விடுங்கள், நெடுநேரப் பட்டினி தாங்காது.