டிஎஃப் ஒரு கணக்கு, டியூ இன்னொரு கணக்கு: லினக்ஸில் மவுண்ட்டுக்கு அடியில் மறைந்த ஃபைல்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ரூட் பார்ட்டிஷன் 220 ஜிபி. 100 சதவீதம் நிரம்பிவிட்டது என்று டிஎஃப் கட்டளை காட்டுகிறது. டியூ கட்டளையை வைத்து எல்லா ஃபோல்டரையும் கூட்டினாலும் 40 ஜிபியைத் தாண்டவில்லை. மீதி எங்கே? ஃபார்மேட் செய்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்:

ஃபார்மேட் செய்யாதீர்கள். காணாமல் போன அந்த 180 ஜிபியில், வேறெங்கும் பிரதி இல்லாத உங்கள் ஃபைல்கள் இருக்கலாம்.

இப்படி யாராவது கேட்டால் "கேஷை அழி, பழைய லாகை அழி, பெரிய டிஸ்க் போடு" என்றே பதில் வருகிறது. படிக்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. கேஷும் லாகும் அவ்வளவு இருந்தால் டியூவே காட்டிக்கொடுத்திருக்குமே! டியூ கண்ணில் படாத ஒன்று டிஎஃப் கணக்கில் மட்டும் எப்படி வருகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

உங்கள் நிலைமையை ஊகித்துச் சொல்கிறேன். பேக்கப்புக்கென்று தனி டிஸ்க் ஒன்று இருக்கும். அதை /எம்என்டி/பேக்கப் மாதிரி ஒரு ஃபோல்டரில் மவுண்ட் செய்ய, அதாவது இணைக்க, எஃப்எஸ்டேப்பில் (பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) ஒரு வரி இருக்கும், அந்த வரியில் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் ஆகட்டும்) என்றும் இருக்கும். இரவில் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது) வழியாக ஆர்சிங்க் (ஃபைல்களைப் பிரதியெடுக்கும் புரோகிராம்) ஓடும். ஏதோ சில நாள்கள் அந்த டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருந்திருக்கிறது. ஆர்சிங்குக்கு அது தெரியாது. /எம்என்டி/பேக்கப் என்ற ஃபோல்டர் ரூட் பார்ட்டிஷனில் வெறுமனே இருந்தது, அதற்குள்ளேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டது. பிறகு டிஸ்க் ஒழுங்காக மவுண்ட் ஆனதும், எழுதியதெல்லாம் அதன் அடியில் போய்விட்டது.

மவுண்ட் என்பது ஃபோல்டரில் உள்ளதை அழிப்பதில்லை, மேலே மூடுவது மட்டும்தான். மேசைமேல் கிடக்கும் தாள்களின் மீது விரிப்பு போட்ட மாதிரி. டியூ ஒவ்வொரு ஃபோல்டராக நடந்துபோய்க் கூட்டுகிறது, அதனால் விரிப்புக்கு மேலே இருப்பதை மட்டுமே பார்க்கிறது. டிஎஃப் நடப்பதில்லை. எத்தனை பிளாக் செலவாகியிருக்கிறது என்று ஃபைல் சிஸ்டத்தையே நேராகக் கேட்கிறது. ஆகவே இரண்டு கணக்கும் சரிதான். கிராஃபிக்கலாக வட்டம் போட்டுக் காட்டும் டிஸ்க் யூசேஜ் அனலைசரும், டெர்மினலில் ஓடும் என்சிடியுவும் டியூ மாதிரியே நடப்பவை. அவற்றாலும் அடியில் இருப்பதைப் பார்க்க முடியாது.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் அவற்றுக்குரிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடியுங்கள், பெரிய எழுத்து வரும் இடத்தைத் தனியாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் சூடோ போட்டு ரூட்டாக (அட்மின் யூசராக) ஓட்ட வேண்டும். டியூவைச் சாதாரண யூசராக ஓட்டினால், திறக்க அனுமதியில்லாத ஃபோல்டர்கள் கணக்கிலேயே வராது. பாதிப் பேர் "வித்தியாசம்" என்று பதறுவது இதனால்தான்.

"வேறு காரணமும் இருக்கலாமே" என்று யாராவது வருவார்கள். சரிதான், அவற்றை முதலில் கழித்துவிடுவோம். அழித்த ஃபைலை ஏதாவது புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருந்தால், பெயர் போயிருக்கும், இடம் திரும்பியிருக்காது. எல்எஸ்ஓஎஃப் +எல்1 என்று அடித்தால் அத்தகைய ஃபைல்கள் பட்டியலாக வரும் (+ குறிக்கு அடுத்த எல் மட்டும் பெரிய எழுத்து). அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும். அடுத்தது, இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் யூசருக்கென ஒதுக்கி வைக்கும். 220 ஜிபியில் அது 11 ஜிபி, அதை வைத்து 180 ஜிபியை விளக்க முடியாது. இந்த இரண்டையும் பார்த்தும் கணக்கு உதைத்தால், மவுண்ட்டுக்கு அடியில்தான் தேட வேண்டும்.

முதலில் என்னென்ன எங்கெங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஃபைண்ட்எம்என்டி --ரியல் என்றால் ப்ராக், சிஸ் போன்ற டிஸ்க்கில் இல்லாத போலி ஃபைல் சிஸ்டங்களை விட்டுவிட்டு உண்மையான டிஸ்க்குகளை மட்டும் மர வடிவில் காட்டும். ரூட்டின் கீழே தொங்கும் ஒவ்வொரு மவுண்ட் பாயிண்டும் சந்தேகத்துக்குரியது.

இனி அடியில் எட்டிப் பார்க்கும் வழி. டிஸ்க்கை யுமவுண்ட் செய்துவிட்டும் பார்க்கலாம், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் "டார்கெட் இஸ் பிஸி" என்று மறுக்கலாம். அந்த நேரத்தில் யுமவுண்ட் -எல் போடச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். அது மவுண்ட்டைப் பார்வையிலிருந்து எடுக்கும், ஆனால் திறந்த ஃபைலுள்ள புரோகிராம்கள் அந்த டிஸ்க்கிலேயே எழுதிக்கொண்டிருக்கும். புதிதாக வருபவை அடியிலுள்ள ஃபோல்டரில் எழுதும். குழப்பம் இரண்டு மடங்காகும்.

எதையும் கழற்றாமல் பார்க்க பைண்ட் மவுண்ட் இருக்கிறது. வரிசையாக இந்த நான்கு:

எம்கேடிர் /எம்என்டி/கீழே

மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி/கீழே

மவுண்ட் --மேக்-பிரைவேட் /எம்என்டி/கீழே

மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,பைண்ட்,ஆர்ஓ /எம்என்டி/கீழே

ஃபோல்டர் பெயர் உங்கள் விருப்பம். இரண்டாவது வரி ரூட் ஃபைல் சிஸ்டத்தை இன்னோர் இடத்தில் காட்டுகிறது. --பைண்ட் மேலே போட்டிருக்கும் விரிப்புகளைக் கூடவே கொண்டுவராது, அதுதான் நமக்கு வேண்டும். --ஆர்பைண்ட் என்று அடித்துவிட்டால் எல்லா விரிப்பும் கூடவே வந்துவிடும், பார்த்ததையே மறுபடி பார்ப்பீர்கள்.

மூன்றாவது வரியைப் பெரும்பாலான குறிப்புகளில் விட்டுவிடுகிறார்கள். அதை விடக் கூடாது. சிஸ்டம்டி (பூட்டையும் சர்வீஸ்களையும் நிர்வகிப்பது) ஓடும் லினக்ஸில் ரூட் மவுண்ட் ஷேர்டு நிலையில் இருக்கும், அதிலிருந்து எடுத்த பைண்டும் அப்படியே இருக்கும். நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது யாராவது பென் டிரைவ் செருகினால், அந்த மவுண்ட் /எம்என்டி/கீழே என்பதற்குள்ளும் தானாக முளைக்கலாம். அந்த நேரம் பார்த்து அங்கே அழிக்கும் கட்டளை ஓடினால் பென் டிரைவில் இருப்பதும் போய்விடக்கூடும். நான்காவது வரி, பார்க்க மட்டும் முடியும், எழுத முடியாது என்று ஆக்குகிறது. தேடி முடிக்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

இப்போது டியூ -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=2 /எம்என்டி/கீழே என்று ஓட்டி, வருவதை சார்ட் -எச் வழியே அனுப்புங்கள். பெரியது கடைசியில் நிற்கும். உங்கள் விஷயத்தில் /எம்என்டி/கீழே/எம்என்டி/பேக்கப் என்ற வரியில் அந்த 180 ஜிபி இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே இல்லையென்றால் ஃபைண்ட்எம்என்டி காட்டிய மற்ற மவுண்ட் பாயிண்டுகளின் பெயர்களைப் பாருங்கள். சரியான நிலையில் அவை எல்லாமே காலி ஃபோல்டராக இருக்க வேண்டும்.

இரண்டு விதிவிலக்கு. மூடிய ஃபோல்டர் ரூட்டில் இல்லாமல் /ஹோம் என்ற தனிப் பார்ட்டிஷனுக்குள் இருந்தால், பைண்ட் செய்ய வேண்டியது /ஹோம். ரூட்டை பைண்ட் செய்தால் அங்கே /ஹோம் வெறுமையாகத்தான் தெரியும். ஃபைல் சிஸ்டம் பிடிஆர்எஃப்எஸ் என்றால், வேறு சப்வால்யூம்களில் (அதன் உட்பிரிவுகளில்) தங்கியவை ரூட்டின் பைண்டில் வராது. அதே பார்ட்டிஷனைச் சப்வால்ஐடி=5 என்ற விருப்பத்தோடு வேறோர் இடத்தில் மவுண்ட் செய்தால் உச்சியிலிருந்து எல்லாம் தெரியும்.

கண்டுபிடித்தவுடன் கை அழிக்கும் கட்டளைக்குப் போகும். நிறுத்துங்கள். டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருந்த நாள்களின் பேக்கப் இங்கே மட்டும்தான் இருக்கிறது. அந்த நாள்களில் உருவாகி, பிறகு அசலிலிருந்து அழிக்கப்பட்ட ஃபைல் ஒன்று இருந்தால், உலகத்தில் அதன் ஒரே பிரதி இதுதான். முதலில் ஒப்பிடுங்கள்:

ஆர்சிங்க் -ஏவிஎன் --செக்சம் /எம்என்டி/கீழே/எம்என்டி/பேக்கப்/ /எம்என்டி/பேக்கப்/

இதில் என் என்பது ஒத்திகை, எதையும் எழுதாது. கடைசிச் சாய்கோடுகளை விட்டுவிடாதீர்கள். முதல் பாதையின் முடிவில் அது இல்லையென்றால் பேக்கப்புக்குள் இன்னொரு பேக்கப் ஃபோல்டராக வைத்து ஒப்பிடும். பட்டியலில் வரும் ஃபைல்கள் மேலே இல்லாதவை, அல்லது வேறுபட்டவை. அவற்றைப் பேக்கப்போடு கலக்க வேண்டாம், வேறு டிஸ்க்கிலோ பேக்கப் இலக்குக்கு வெளியே தேதியிட்ட தனி ஃபோல்டரிலோ வையுங்கள். உங்கள் ஸ்கிரிப்ட்டில் --டிலீட் (அசலில் இல்லாததைப் பேக்கப்பிலும் அழிப்பது) இருந்தால், கலந்து வைத்ததெல்லாம் அடுத்த இரவே துடைக்கப்பட்டுவிடும்.

அழிக்கும்போது எப்போதும் நடக்கும் விபத்து, /எம்என்டி/கீழே/எம்என்டி/பேக்கப் என்று அடிக்க வேண்டிய இடத்தில் முன்பாதியை விட்டு /எம்என்டி/பேக்கப் என்று அடிப்பது. அது உண்மையான பேக்கப். அதனால் முழுப் பாதையையும் டிஎஃப்புக்குக் கொடுத்து, முதல் நெடுவரிசையில் ரூட் பார்ட்டிஷனின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். ஃபைண்ட்எம்என்டி -ஆர் /எம்என்டி/கீழே (ஆர் பெரிய எழுத்து) ஒரே ஒரு வரி காட்ட வேண்டும், அதற்குக் கீழே வேறு மவுண்ட் எதுவும் தெரியக் கூடாது. இரண்டும் சரியென்றால் நான்காவது வரியில் ஆர்ஓ இருந்த இடத்தில் ஆர்டபிள்யூ போட்டு ஓட்டுங்கள். பிறகு:

ஃபைண்ட் /எம்என்டி/கீழே/எம்என்டி/பேக்கப் -எக்ஸ்டெவ் -மின்டெப்த் 1

பட்டியலைப் படியுங்கள். திருப்தியானால் அதே வரியின் கடைசியில் -டிலீட் சேருங்கள். கடைசியில்தான் சேர்க்க வேண்டும். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் போகும், நிபந்தனைகளுக்கு முன்னால் டிலீட் வந்தால் அவற்றைப் பார்க்காமலே அழித்துவிடும். ஆர்எம் -ஆர்எஃப்போடு நட்சத்திரக் குறி போடலாமே என்பீர்கள். புள்ளியில் தொடங்கும் ஃபைல்கள் அதில் தப்பிவிடும்.

யுமவுண்ட் செய்வதற்கு முன் இன்னும் ஒரு வேலை. அப்படியே விட்டுவிட்டால் அடுத்த மாதம் இதே கதைதான் என்பதால், காலியான அந்த அடி ஃபோல்டருக்கே பூட்டுப் போடுங்கள்:

சிஎச்ஏடிடிஆர் +ஐ /எம்என்டி/கீழே/எம்என்டி/பேக்கப்

இதன்பின் டிஸ்க் மவுண்ட் ஆகாத நாளில் அங்கே ரூட்டால்கூட ஒரு ஃபைல் உருவாக்க முடியாது. ஆர்சிங்க் எரர் கொடுத்து நின்றுவிடும், நமக்குத் தேவை அதுதான். டிஸ்க்கை மேலே மவுண்ட் செய்வதற்கு இது தடையில்லை. பர்மிஷனை 000 ஆக்கினால் போதாதா என்றால், போதாது. கிரான் ரூட்டாக ஓடுகிறது, ரூட்டை அது தடுக்காது. எல்லாம் முடிந்ததும் யுமவுண்ட் /எம்என்டி/கீழே. யுவுக்கு அடுத்து என் வராது, எம்தான்.

பேக்கப் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியாக மவுண்ட்பாயிண்ட் -க்யூ /எம்என்டி/பேக்கப் என்ற சோதனையை வைத்து, தோற்றால் எக்ஸிட் 1 என்று வெளியேறச் செய்யுங்கள். சிஸ்டம்டி சர்வீஸாக ஓட்டினால் யூனிட் பகுதியில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் வரியில் (ஆர், எம், எஃப் மூன்றும் பெரிய எழுத்து) இந்தப் பாதையைக் கொடுக்கலாம்.

நோஃபெயிலை எடுத்துவிடலாமா? வெளி டிஸ்க் என்றால் வேண்டாம். எடுத்துவிட்டால் டிஸ்க் இல்லாத நாளில் பூட் 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். ஆனால் நோஃபெயில் போட்டால், அந்த மவுண்ட் முடியும்வரை மற்ற சர்வீஸ்கள் காத்திருக்காது என்பது தெரிந்திருக்க வேண்டும். டிஸ்க் செருகியே இருந்தாலும், ஒரு சர்வீஸ் முந்திக்கொண்டு அடியில் ஃபைலைத் திறந்துவிட்டால், மேலே மவுண்ட் வந்தபிறகும் அந்தப் பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும். "நோஃபெயில் போடு, சரியாகிவிடும்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதைச் சொல்வதேயில்லை. எனக்கு அதில் உண்மையிலேயே கோபம் உண்டு. பூட் ஆகாத பிரச்சினை எல்லோர் கண்ணுக்கும் தெரியும், சத்தமில்லாமல் தவறான டிஸ்க்கில் போய்ச் சேரும் பேக்கப் யார் கண்ணுக்கும் தெரியாது.

இதே நோய் /பூட்டுக்கும் வரும். அது மவுண்ட் ஆகாத நேரத்தில் அப்டேட் செய்தால், புதிய கெர்னல் ரூட்டில் உள்ள வெறும் /பூட் ஃபோல்டரில் போய் உட்காரும். பூட்லோடர் உண்மையான பார்ட்டிஷனில் உள்ள பழைய கெர்னலையே எடுக்கும். பழைய மாட்யூல்களை (கெர்னலின் டிரைவர் ஃபைல்களை) அப்டேட் நீக்கியிருந்தால் வைஃபை, யுஎஸ்பி போன்றவை வேலை செய்யாமல் போகலாம். அப்டேட்டுக்குப் பிறகும் யுநேம் -ஆர் பழைய எண்ணையே காட்டினால் முதலில் /பூட் மவுண்ட் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

/ஹோமைப் புதிய பார்ட்டிஷனுக்கு மாற்றியவர்களுக்கும் இதே கதைதான். பழைய /ஹோமில் இருந்ததை அழிக்காமல் மேலே மவுண்ட் செய்திருப்பார்கள். மேலே சொன்ன அதே பைண்ட் வழிதான்.

கடைசியாக, இதற்குச் சம்பந்தமில்லாத ஒரு வேண்டுகோள். உதவி கேட்கும்போது திரையை மொபைலில் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். பாதி வரி வெட்டுப்பட்டிருக்கும், சாதனப் பெயரில் ஏயா பியா என்று தெரியாது. அந்த ஓர் எழுத்தை ஊகித்து ஒருவர் கட்டளை எழுதிக் கொடுத்து, அது வேறு டிஸ்க்கில் ஓடினால் யாரைக் குறை சொல்வது? எல்எஸ்பிஎல்கே -எஃப், டிஎஃப் -எச், ஃபைண்ட்எம்என்டி மூன்றின் வெளியீட்டையும் எழுத்தாகவே ஒட்டுங்கள். நான் சொன்ன இடத்தில் அந்த 180 ஜிபி இல்லையென்றால், அந்த மூன்றையும் கீழே கமெண்ட்டில் போடுங்கள், பார்க்கிறேன்.