கை வைக்காவிட்டால் சித்திரவதை இல்லையா?

கேள்வி: என் தம்பி மகன் காவல்துறையில் உதவி ஆய்வாளர். திருட்டு வழக்கு ஒன்றில் ஓர் இளைஞனை இரண்டு இரவு தூங்கவிடாமல், சுவரைப் பார்த்து நிற்கவைத்து விசாரித்ததாகச் சொன்னான். நான் பதறியதும், “மேலே ஒரு விரல்கூடப் படவில்லை அத்தை, இது சித்திரவதை ஆகாது” என்கிறான். கண்டிப்பு எங்கே முடிந்து சித்திரவதை எங்கே தொடங்குகிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் பதற்றம் நியாயமானது. உங்கள் மருமகன் சொன்ன இரண்டுமே 1971இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷார் 14 பேரை விசாரித்தபோது கையாண்ட ஐந்து முறைகளில் இருந்தவை. கைவிரல்களைத் தலைக்கு மேலே சுவரில் ஊன்றி, கால்களை அகட்டிப் பின்னுக்கு வைத்து, உடல் பாரமெல்லாம் விரல்களில் இறங்கும்படி அவர்கள் மணிக்கணக்கில் நிற்கவேண்டும், தலையில் கறுப்புத் துணிப்பை, காதில் ஓயாத இரைச்சல், தூக்கம் கிடையாது, உணவும் நீரும் குறைக்கப்பட்டன. இந்த ஐந்தில் எதிலும் அடி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதைச் சித்திரவதை என்றே 1976இல் ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் முடிவு செய்தது. 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமோ, இது மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தைதான், சித்திரவதை என்னும் சொல்லுக்குரிய கடுமையை எட்டவில்லை என்றது. இரண்டையுமே ஐரோப்பிய உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு விதிவிலக்கின்றித் தடுக்கிறது; ஆகவே அந்தத் தீர்ப்பிலும் பிரிட்டன் குற்றம் இழைத்த நாடுதான். ஆனாலும் அந்தக் கோடு பெரும் தீங்கு செய்தது என்பது என் உறுதியான கருத்து. 2002இல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சக அதிகாரிகள், உறுப்புகள் செயலிழக்கும் அளவுக்கு வலி இருந்தால்தான் சித்திரவதை என்று குறிப்பு எழுதியபோது, இந்தத் தீர்ப்பையும் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதே ஐந்து முறைகளை இன்றைய அளவுகோலில் சித்திரவதையாகவே கொள்ளவேண்டும் என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது.

சித்திரவதைக்கு எதிரான 1984ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை காயத்தைத் தேடுவதில்லை. ஒப்புதல் வாங்குவது போன்ற நோக்கத்தோடு, அதிகாரத்தில் இருப்பவர் வேண்டுமென்றே உடலுக்கோ மனத்துக்கோ கடும் துன்பம் தந்தாரா என்றுதான் பார்க்கிறது. அதில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை என்பது நமக்குப் பெருங்குறை. மிரட்டலோ துன்புறுத்தலோ இல்லாமல் கறாராகக் கேள்வி கேட்பதும், முரண்பாட்டைச் சுட்டித் திரும்பத் திரும்ப விசாரிப்பதும் கண்டிப்பு. தூக்கத்தைப் பறித்து ஒருவனை உடையவைப்பது அந்த எல்லைக்கு அப்பால்தான் இருக்கிறது.

உங்கள் மருமகனிடம் இந்தச் சொல்லைப் பற்றி வாதாட வேண்டாம். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. கைதான நாளும் நேரமும் எழுதி, குடும்பத்தினர் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவரின் சாட்சிக் கையொப்பத்தோடு குறிப்பாணை இருக்கவேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் பணித்திருக்கிறது. அந்த இளைஞனின் குறிப்பாணையில் எழுதியிருப்பது முதல் இரவா, மூன்றாம் நாள் காலையா என்று மட்டும் கேளுங்கள்.