ஓட்டப் பயிற்சிக்குப் போகும் மகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிறாள். கேட்டால் "எடை குறைந்தால்தான் டைமிங் வரும்" என்கிறாள். இது சரியா?

மகளுக்கு 16 வயது, 1500 மீட்டர் ஓடுகிறாள், காலையில் வெறும் கட்டஞ்சாயா (பால் இல்லாத தேநீர்), ராத்திரி வைக்கிற இரண்டு தோசையில் ஒன்று திரும்பி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு விஷயம் மட்டும் உங்கள் கேள்வியில் இல்லை. அவளுக்குப் பீரியட்ஸ் மாதாமாதம் வருகிறதா? வேறு எதைப் பேசுவதற்கும் முன்னால் அதைக் கேளுங்கள். என்னிடம் யாராவது அதைச் சரியான நேரத்தில் கேட்டிருந்தால் என் கால் எலும்பு தப்பித்திருக்கும்.

நான் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரி. அப்பா வள்ளத்தில் போகிறவர். 2008-ல் பிளஸ் ஒன் படிக்கும்போது நானும் 1500 மீட்டர்தான் ஓடினேன். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் நடந்த ஒரு போட்டியில் 5 நிமிடம் 2 விநாடி. அந்த ஏழெட்டு மாதத்தில் நடந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இப்போது நான் உடற்கல்வி ஆசிரியை, தினமும் உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளோடுதான் இருக்கிறேன்.

என் பயிற்சியாளர் கெட்டவர் இல்லை. பஸ்ஸுக்குக் காசு இல்லாத நாட்களில் அவர் கையிலிருந்து கொடுத்திருக்கிறார். ஒரு நாள் ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, "ரெண்டு கிலோவைச் சும்மா சுமந்துக்கிட்டு ஓடுறே. அத இறக்கி வச்சா அஞ்சு செகண்டு தானா வரும்" என்றார். அவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். எனக்கு இப்போதும் அந்தக் குரல் கேட்கும்.

முதலில் தேங்காயை விட்டேன். எங்கள் வீட்டில் தேங்காய் இல்லாத கறி எது? சாளைக் கறியில் தேங்காய், அவியலில் தேங்காய், புட்டுக்கு நடுவில் தேங்காய். ஆக, தேங்காயை விட்டேன் என்றால் பாதிச் சாப்பாட்டை விட்டேன் என்று அர்த்தம். அப்புறம் மரச்சீனிக் கிழங்கு, அப்புறம் சோறு. நடுவில் தவக்காலம் வந்தது. ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் சாப்பிடும் விரதம், இருக்கிறேன் என்று சொன்னால் அம்மா மறுபேச்சு பேச மாட்டாள். ஈஸ்டர் அன்று தெருவெல்லாம் இறைச்சி வேகும் மணம். என் ஒருசந்தி மட்டும் முடியவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாப்பாட்டைத் தவிர்க்கிற பிள்ளைக்கு விரதம் நல்ல மறைவு. தவக்காலமோ சஷ்டியோ சனிக்கிழமையோ, விரதம் முடிந்த பிறகும் சாப்பாடு திரும்பவில்லை என்றால் கவனிக்க வேண்டும்.

இதில் மோசமான விஷயம், முதலில் டைமிங் உண்மையிலேயே குறைந்தது. 4:55 ஓடினேன். அதனால் உங்கள் மகள் சொல்வது பொய் என்று நீங்கள் வாதாடினால் தோற்றுப்போவீர்கள். அவளுக்கும் சில வாரங்கள், சில மாதங்கள்கூட அப்படித்தான் தெரியும். அடுத்த ஆறு மாதத்தில் நான் 5:13-க்கு வந்துவிட்டேன். நான் செய்தது என்ன தெரியுமா? இன்னும் குறைத்தேன்.

என் எடை எதுவரை இறங்கியது என்று இங்கே எழுத மாட்டேன். இந்தப் பிரச்சினையில் இருக்கிற பிள்ளைகள் இதைப் படித்தால் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுவார்கள். நானும் அப்படித் தேடியிருக்கிறேன்.

பீரியட்ஸ் நின்றபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போட்டி நாளில் அந்தத் தொந்தரவு இல்லை. கூட ஓடிய அக்காமார், "பயிற்சி சரியாப் போகுதுன்னு அர்த்தம்" என்றார்கள். நாலு மாதம் கழித்து அம்மாவுக்குத் தெரிந்தது. அவள் கவலை வேறு, நாளைக்குக் கல்யாணம், குழந்தை. ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். மாத்திரை கொடுத்தார்கள், ரத்தப்போக்கு வந்தது, எல்லோருக்கும் நிம்மதி. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் வருகிற ரத்தப்போக்கு மாத்திரையால் வருவது. உடம்பு சரியாகிவிட்டது என்பதற்கு அது அடையாளமே அல்ல. எரிகிற வீட்டில் புகை மணியைக் கழற்றி வைத்த மாதிரிதான் ஆயிற்று.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். வள்ளம் கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும் முதலில் மண்ணெண்ணெய்க் காசைக் கழிப்பார்கள். மிச்சத்தைத்தான் பங்கு வைப்பார்கள். மீன் குறைந்த நாளில் மண்ணெண்ணெய்க்குப் போக யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. உடம்பிலும் ஓட்டம் தன் செலவை முதலில் எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவதில்தான் இதயம், மூளை, எலும்பு, கர்ப்பப்பை எல்லாம் பங்கு வாங்க வேண்டும். போதாதபோது மூளை எடுக்கிற முதல் முடிவுகளில் ஒன்று, இப்போதைக்குப் பிள்ளை பெறும் வேலையை நிறுத்துவது. கருமுட்டைப்பைக்குப் போகும் ஹார்மோன் சமிக்ஞைகள் குறைகின்றன, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. எலும்பைக் காப்பதே அந்த ஈஸ்ட்ரோஜன்தான். பெண்ணின் எலும்புச் சேமிப்பில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடும். சேர்க்க வேண்டிய வயதில் நான் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கும் பயிற்சியாளர்களுக்காக ஒரு கணக்கு (பிள்ளைகளிடம் இதைக் கொடுக்காதீர்கள்): பயிற்சிச் செலவு போக, உடம்பின் கொழுப்பில்லாத எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 45 கிலோ கலோரி அளவுக்கு மிஞ்ச வேண்டும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் அளவு. 30-க்குக் கீழே போனால் ஹார்மோன்கள் சீக்கிரமே குலைய ஆரம்பிக்கும். இது ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பில் ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் வலி வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அழுத்த முறிவு தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும் என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்? தைலம் தேய்த்து ஓடினேன். இரண்டாவது எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு டாக்டர்தான் காலைப் பற்றிப் பேசாமல், "மாத்திரை இல்லாம கடைசியா எப்ப பீரியட்ஸ் வந்தது?" என்று கேட்டார். எனக்குத் தேதி நினைவில்லை. அவர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னதும் அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். "என் பிள்ளைக்குப் பைத்தியமா டாக்டரே?"

பைத்தியம் இல்லை, ஆனால் நோய். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை விட்டுக்கொண்டே போகும் அனோரெக்ஸியா நெர்வோசா என்ற அந்த நோய், மனநோய்களிலேயே உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றில் ஒன்று. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச் 1989 உலகப் போட்டியில் அன்ஈவன் பார்ஸ் (உயரம் வேறுபட்ட இரண்டு கம்பிகள்) பிரிவில் நான்காம் இடம் பிடித்தவர். அதற்கு முந்தைய வருஷம் புடாபெஸ்டில் நடந்த ஒரு போட்டியில் ஒரு நடுவர், எடை குறைத்தால்தான் ஒலிம்பிக் அணிக்கு வர முடியும் என்று அவரிடம் சொன்னாராம். 1994 ஜூலையில், 22 வயதில், உறுப்புகள் செயலிழந்து இறந்துபோனார். அந்தப் பெயரை முதலில் படித்தபோது எனக்கு அந்த இரண்டு கிலோ ஞாபகம் வந்தது. ஒரு வாக்கியம் மட்டுமே நோயை உண்டாக்காது. பரம்பரை, குணம், மனக்கலக்கம், சூழல் எல்லாம் சேரும். ஆனால் எல்லாம் தயாராக இருக்கிற ஒரு பிள்ளையிடம் அந்த வாக்கியம் போய் விழுந்தால் போதும்.

சாப்பாட்டுக் குழப்பம், மாதவிடாய் நிற்றல், எலும்புத் தேய்வு, இந்த மூன்றும் சேர்ந்து வருவதற்கு 1992-லேயே அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை இன்னும் விரித்து, ஆண்களையும் சேர்த்து, இதயம், எதிர்ப்புச் சக்தி, வளர்ச்சி எல்லாம் பாதிக்கப்படும் என்று அறிக்கை வெளியிட்டது. ஆகவே மகனை விளையாட அனுப்புகிற வீட்டுக்காரர்களும் இதைப் படிக்கட்டும். நம் பக்கத்தில் எடைப்பிரிவு வைத்துக் கபடியும் குத்துச்சண்டையும் நடக்கிற இடத்தில் பையன்கள் முந்தின நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எச்சில் துப்பிக்கொண்டே ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். 1997-ல் அமெரிக்காவில் இப்படி எடை குறைத்த மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் ஏறக்குறைய ஒரு மாத இடைவெளிக்குள் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகளை மாற்றினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராம் அதிகம் என்று இறுதிப் போட்டியை இழந்தபோது நாமெல்லாம் பதக்கத்துக்காக அழுதோம். முந்தின ராத்திரி தூங்காமல், முடியைக்கூட வெட்டி, அந்த உடம்பு பட்ட பாட்டைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

நடனத்திலும் இதே கதைதான். என் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அரங்கேற்றம் வைத்திருந்தார்கள். மூன்று மாதம் முன்பே உடுப்பு தைத்தாயிற்று. "அளவு மாறிடக் கூடாது கேட்டியா" என்று வீட்டில் எல்லோரும் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் மதியச் சாப்பாட்டைக் கூட்டுக்காரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரைமண்டியில் உட்கார்ந்து கடினமான தரையில் ஆயிரம் தடவை தட்டுகிற கால் அது. அவளுடைய நடன டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மா அன்றைக்கே அரங்கேற்றத்தைத் தள்ளிவைத்தார், உடுப்பைப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம் என்று பிள்ளையின் முன்னாலேயே சொன்னார். அவருக்கு என் மனதில் எப்போதும் ஒரு தனி இடம் உண்டு.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பயணத்திலோ துணி மடிக்கும்போதோ பேசுங்கள். எடையைப் பற்றிக் கேட்காமல், அவளுக்கே தெரிந்த மாற்றங்களைக் கேளுங்கள்: குளிர்கிறதா, தலை சுற்றுகிறதா, முடி கொட்டுகிறதா, தூக்கம் வருகிறதா, எப்போதும் சாப்பாட்டு நினைப்பாகவே இருக்கிறதா. சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து விடுகிறாளா, விரல் முட்டியில் காயத் தழும்பு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். வாந்தி எடுக்கிற பிள்ளை மெலிந்திருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்தால், வாந்தி நிற்காவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நாள் கணக்காகச் சாப்பிடாத பிள்ளைக்குத் திடீரென்று வயிறு முட்ட ஊட்டாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சரிந்து இதயத்துக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்கிற வேகத்தில்தான் கூட்ட வேண்டும்.

அப்புறம் உறவுக்காரர்கள். நான் தேறி வந்த சமயம் பக்கத்து வீட்டு மைனி அன்போடுதான், "இப்பத்தான் நல்லா வண்ணம் வச்சிருக்கே மக்களே" என்றார். எங்கள் ஊரில் வண்ணம் வைப்பது என்றால் சதை போடுவது. மறுபடியும் பத்து நாள் சோறு இறங்கவில்லை. "மெலிஞ்சு போனே", "வண்ணம் வச்சே", "முகம் தெளிஞ்சிருக்கு", இதில் எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எனக்கு உதவியது அப்பா. அவர் ஒரு நாளும் "சாப்பிடு" என்று சொன்னதில்லை. கடலுக்குப் போகாத நாட்களில் எனக்கு எதிரே உட்கார்ந்து, கிழங்கும் மீனும் சாப்பிட்டுக்கொண்டே அன்றைய காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிப் பேசுவார். என் தட்டைப் பார்க்கவே மாட்டார். நான் முடிக்கும்வரை அவரும் கை கழுவ மாட்டார். கையில் கறி காய்ந்து போயிருக்கும். சில நாள் ஒரு மணி நேரம் ஆகும்.

மாத்திரை இல்லாமல் பீரியட்ஸ் திரும்ப ஏழு மாதம் ஆனது. 29 வயதில் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தேன். என் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு. மூன்று மாதம் தொடர்ந்து பீரியட்ஸ் வரவில்லை என்றால், அல்லது 15 வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். தைராய்டு, பிசிஓடி (கருமுட்டைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) போல வேறு காரணங்களும் இருக்கலாம், அதையும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பயிற்சியாளரிடம் நீங்களே பேசுங்கள், அவள் மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள்.

நம் குமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் மகளிர் நோய்ப் பிரிவும் இருக்கின்றன. நேரில் போகத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம், எந்த நேரமும் உண்டு. போகும்போது அவளுடைய கடைசி மூன்று மாதவிடாய்த் தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நினைவில்லை என்று அவள் சொன்னால், அதையே எழுதிக் கொடுங்கள்.